முதல் கெடாமல் நின்ற அறங்கள்

திருக்கோயிலில் விளக்கிடுதலைச் சிவபுண்ணியங்களுள் ஒன்றாக நம் பெரியோர் வகுத்து வைத்தனர். நாயன்மார் வரலாற்றிலே அத்தொண்டிற்கென்றே வாழ்ந்தவர்கள் உளர். நெய் கிடையாதபோது திருவாரூர்க் குளத்து நீரை முகந்து வார்த்து விளக்கெரித்தவர் நமிநந்தியடிகள். செல்வம் அற்றபின் கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கியவரும், புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே எரித்தவரும், அதுவும் போதாமையால் தம் திருமுடியையே விளக்கில் மடுத்தவரும் கணம்புல்லர். திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகக் குடியிலே தோன்றிய கலியர், இரவும் பகலும் விளக்கேற்றிப் பொருளெல்லாம் தீர்ந்தபின் கூலிக்குச் செக்காட்டினார், மனையை விற்றார், மனைவியாரையும் விற்கத் துணிந்து, கொள்வார் இன்மையால், எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை வார்ப்பதற்குக் கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் திருக்கரம் வந்து அவரைத் தடுத்தது.

இவ்வன்பை அளக்க நம்மிடம் கோல் இல்லை. ஆயினும் கோயிலைப் பேணும் கடமையை மேற்கொண்ட நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கலியர் தோன்றினார், விளக்கு எரிந்தது. அவருக்குப் பின் யார்? தலைமுறைதோறும் ஒருவர் கழுத்தில் அரிவாளை வைத்தால்தான் விளக்கு எரியும் என்னும் நிலையில் ஓர் அறநிலையத்தை விட்டு வைக்கலாமா? இவ்வினாவை நமக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் முன்னோர் எழுப்பியுள்ளனர், விடையும் கண்டுள்ளனர். அவ்விடை கோயிற் சுவர்களில் கல்லெழுத்தாக நிற்கிறது. திருவிழாக் காலத்தில் நாம் அச்சுவர்களை வலம் வருகிறோம். அவற்றைப் படிப்பவர் சிலரே.

முதலில் பாண்டிநாட்டிற்குச் செல்வோம். அம்பாசமுத்திரத்தில் பொருநை ஆற்றங்கரையில் எரிச்சாவுடையார் கோயில் உள்ளது. அங்கே 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் வட்டெழுத்துச் சாசனம் ஒன்று கிடைத்தது. அரசன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரு கலம் நெல்லாக, 580 கலம் நெல்லைச் சபையார் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். அந்நெல்லைக் கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் திருவமுது நடைபெறும். 290 காசும் தொடப்படாமல் அப்படியே நிற்கும். முதல் கெடாதிருக்க, அதன் பொலிவை மட்டும் எடுத்துச் செலவிடுதல் என்பதே ஏற்பாடு. வட்டியைக் குறிக்க அந்நாளில் வழங்கிய 'பொலி', 'பொலிசை' என்னும் சொற்களின் அழகைக் காண்க. களத்திலே நெற்பொலி குவிவது போன்று, இட்ட முதல் பெருகித் தருவதே பொலிசை. வட்டி என்றவுடன் கடனாளியின் கண்ணீரை நினைக்கும் நமக்கு இச்சொல் புதுமையாகத் தோன்றும்.

அதே பாண்டியன் திருச்செந்தூர்ப் பெருமானுக்கு 1,400 காசு அளித்தான். அதனை ஒருவரிடமே கொடுத்து வைக்கவில்லை. பல ஊர்ச் சபைகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வோர் ஊரும் தன் பங்கிற்கு உரிய நெல்லைச் செலுத்துமாறு செய்தான். ஓரூரில் மழை பொய்த்தாலும் மற்றோரூர் அளக்கும். வேந்தன் இதனை எண்ணித்தான் செய்தானா என்று கேட்பார் இருக்கலாம். ஊர்களின் பெயரும் தொகையும் பங்கும் ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளமையைக் காண்போர்க்கு அந்த ஐயம் எழாது.

இனி விளக்கிற்கு வருவோம். சோழர் காலத்து நந்தாவிளக்கு அறத்தைப் போல நம் உள்ளத்தைக் கவர்வது பிறிதில்லை. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பெற்றன. அவற்றைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. ஆடு சாவதும் மூப்பதும் உண்டு. மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. கிழடானதன் இடத்தில் குட்டி வந்து நிற்கும். எண்ணிக்கை என்றும் 96. இவ்வாடுகளை இடையர் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளப்பர்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்குவோம். உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒன்று. ஆண்டிற்கு 360 நாள் என்னும் கணக்கில் 90 நாழி நெய் ஆகிறது. 96 ஆடுகளிடமிருந்து ஓராண்டிற்கு 90 நாழி. ஆடு ஒன்றுக்கு ஒரு நாழியும் வரவில்லை. எஞ்சிய பாலும் மோரும், பெருகிய குட்டிகளும், உரமும் இடையர் குடும்பத்திற்கே உரியன. கோயில் அவனைக் கசக்கிப் பிழியவில்லை. அவன் வாழ்ந்தால்தான் விளக்கு எரியும் என்பதை அறிந்து கட்டப்பட்ட கணக்கு இது. தஞ்சை இராசராசேச்சரத்தில் இதையே மேலும் நெகிழ்வாக்கினர். 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஒரு விளக்கிற்கு வகுத்தனர். கிடைத்ததைக் கொண்டு அளவை நிரப்பலாம். அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று கூத்தப்பெருமான் திருப்பெயரையே இட்டமையால் அளவைக் குறைக்க அஞ்சுவர் போலும்.

பெற்ற இடையன் இறந்தால், ஊரை விட்டு நீங்கினால் என் செய்வது? அதற்கும் வழி இருந்தது. ஆடு பெற்றவனுக்குப் பிணை நிற்போரும் உண்டு. அவன் தவறினால் நெய் அளக்கும் பொறுப்பு பிணை நின்றார்மேல் விழும். இக்காலத்தில் மகளிர் குழுக்கள் வங்கியிற் கடன் பெறும்போது ஒருவருக்கு மற்றவர் பிணையாவதை நாம் புதுமை என வியக்கிறோம்.

கால்நடை ஒருபுறம் இருக்க, காசு அளித்த அறங்களையும் காண்போம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலைக் கி.பி. 1010-இல் நிறைவு செய்தான். அக்கோயிலின் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைத்தல் வேண்டும் என்று விரும்பினான். ஆண்டிற்கு 54,000 பழம். அந்நாளில் ஒரு காசுக்கு 1,200 பழம் என்பது விலை. ஆக ஆண்டிற்கு 45 காசு வேண்டும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. 45 காசு பொலிசை தருவதற்கு 360 காசு முதல் தேவை. அரசன் அளித்தது சரியாக 360 காசு. அதனைத் தஞ்சை நகரத்து வணிகர் பெற்றுக்கொண்டு பழம் அளக்க இசைந்தனர்.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கையிலிருப்பது இவ்வளவு, இதைக் கொண்டு ஏதேனும் செய்யுங்கள் என்று அரசன் கூறவில்லை. செய்யவேண்டிய பணி யாது, அதற்கு நாள் ஒன்றுக்கு என்ன செலவு, ஆண்டிற்கு எவ்வளவு, அதனை ஈன்று தரும் முதல் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அம்முதலை முழுமையாக வைத்த பிறகே அறத்தைத் தொடங்கினான். மேலும் ஒன்று உண்டு. வணிகர் செலுத்த வேண்டியது பழம், காசன்று. பழத்தின் விலை ஏறினாலும் பிள்ளையார் முன் 150 பழம் வந்தாக வேண்டும். அவ்விடையர் அளந்தது நெய். பாண்டிநாட்டுச் சபையார் அளந்தது நெல். விலைவாசி என்னும் அரக்கன் அறத்தைத் தின்னாதபடி பொருளாகவே பெறுதல் என்பது நம் முன்னோர் கண்ட காப்பு. இதனைப் பின்னர் மறந்ததன் பயனை இன்று நுகர்கிறோம். அதனை மேலே கூறுவோம்.

இவ்வாறு வேரூன்றிய பின்னர்க் கோயில்கள் என்னென்ன செய்தன? இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரர். உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவர். ஐம்பதின்மருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் கோயிற் பண்டாரத்திலிருந்து அளக்கப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு மனையும், ஆண்டிற்கு 100 கலம் நெல் விளைவுடைய பங்கும் வழங்கப்பட்டன. திருவாமாத்தூரில் தேவாரம் பாடப் பதினாறு பார்வையற்றவர்களையும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவர இருவரையும் நியமித்த சோழர் காலச் சாசனம் உண்டு. அவ்விருவருக்கும் சோறு ஒதுக்கிய நெஞ்சை நினைத்தால் நம் நெஞ்சு உருகுகிறது. பாடுவோர்க்கு மட்டும் படியளந்து விட்டால் அவர்கள் கோயிலுக்கு வந்து சேர்வது எவ்வாறு? அறத்தை வகுத்தவர் அந்த வழி முழுவதையும் மனத்தால் நடந்து பார்த்திருக்கிறார்.

எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர். 14 ஆசிரியர் கற்பித்தனர். அனைவர்க்கும் உணவும் ஊதியமும் தர 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. காஞ்சிக்கு அண்மையில் உள்ள திருமுக்கூடல் திருமால் கோயில். எனினும் அறம் என்ற அளவில் நமக்கும் உரியதே. வீரராசேந்திரன் காலத்தில், 1060-களின் இறுதியில், அங்கே 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை நடந்தது. நோயாளர் 15 பேருக்குப் படுக்கை, மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் என எல்லோர்க்கும் நெல்லும் காசும் வகுக்கப்பட்டன. மருத்துவருக்கு ஆண்டிற்கு 90 கலம் நெல்லும் 8 காசும். எந்த வள்ளலும் ஒவ்வோராண்டும் வந்து கைந்நீட்டித் தரவேண்டிய நிலை அங்கில்லை.

கோயிலுக்குக் கொடுத்தது கோயிலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது என்று கருதுவார் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஆலங்குடிக் கல்வெட்டைக் காணவேண்டும். கி.பி. 1054-ஐ ஒட்டி அவ்வூரில் காலம் பொல்லாததாயிற்று. உண்ண நெல்லில்லை; விதைக்க விதையில்லை. ஊரார் கோயிற் பண்டாரத்திலிருந்து 1,011 கழஞ்சுப் பொன்னும் 464 பலம் வெள்ளியும் கடனாகப் பெற்றனர். அதற்கு ஈடாக எட்டே முக்கால் வேலி நிலத்தைத் தந்தனர். இறைவன் அணிந்திருந்த பொன் உழவன் வீட்டு விதைநெல் ஆயிற்று. ஊர் கொடுத்த முதல், ஊர் சாயும்போது ஊரைத் தாங்கியது.

இதற்கு மறுதலையான செய்தியையும் மறைத்தல் ஆகாது. திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-ஐ ஒட்டிய பஞ்சத்தில், ஒரு வேளாளரும் அவர் புதல்வியர் இருவரும் 110 காசுக்குத் தம்மையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டனர் என்று கல்வெட்டு கூறுகிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடுங்காலம் அது. கலியர் மனைவியாரை விற்க முனைந்தபோது கொள்வார் இல்லை. இங்கோ கொள்வதற்குக் கோயிற் பண்டாரமே இருந்தது. பண்டாரம் நிறைந்திருந்தும் ஆலங்குடி செய்ததைத் திருப்பாம்புரம் செய்யவில்லை. அறநிலையம் தன் காலில் நிற்பது நன்று. யாருக்காக நிற்கிறது என்பதை அதன் அதிகாரிகள் மறந்த நாளும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

மறதியைத் தடுக்க அக்காலத்தார் கண்ட வழி தணிக்கை. முதலாம் இராசராசன் ஆட்சியில் மதுராந்தகன் கண்டராதித்தன் என்னும் அரச மரபினன் கோயில்தோறும் சென்று ஆராய்ந்தான். வடஆர்க்காட்டுத் திருவல்லத்தில் வழிபட வந்தபோது, திருவமுதும் விளக்கும் மிகச் சுருங்கிக் கிடக்கக் கண்டான். கும்பிட்டுவிட்டுப் போய்விடவில்லை. சிவப்பிராமணரையும் சபையாரையும் அழைத்து, கோயிலின் வருவாய் இவ்வளவு என்று கல்லில் உள்ளதே, செலவு எங்கே என்று கேட்டான். அவன் கேட்க முடிந்ததற்குக் காரணம், கணக்கு யார் வீட்டுப் பெட்டியிலும் ஓலையாக ஒளிந்திருக்கவில்லை. ஊரார் அனைவரும் காணும் சுவரில் இருந்தது. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், முதல், பொலிசை, அளக்கும் அளவு யாவும் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்தன. சாசனத்தின் இறுதியில் இவ்வறம் பன்மாகேசுவரர் காவலுக்கு உரியது என்று எழுதுவர். சிவனடியார் அனைவரும் காவலர் என்பது பொருள். அக்காவல் நம்மையும் சேர்ந்தது அன்றோ?

விசயநகர அரசர் காலத்தில் இம்முறை மற்றொரு படி ஏறியது. திருவேங்கடத்துக் கோயிலில் அன்பர் அளித்த பணத்தைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரிகளும் கால்வாய்களும் வெட்டினர். நீர் பெருகியதால் விளைவு பெருகிற்று; பெருகிய விளைவின் பங்கிலிருந்து அவ்வன்பரின் கட்டளை நடந்தது. படைத்த திருவமுதில் நான்கில் ஒரு பங்கு, விட்டவன் விழுக்காடு என்னும் பெயரால், கொடுத்தவர்க்கே உரியதாயிற்று. பலர் அப்பங்கைத் தாமும் அறமாகவே விட்டனர்.

இத்தகைய கட்டுக்கோப்பு எவ்வாறு தளர்ந்தது? படையெடுப்புகளை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஊர்ச்சபைகள் மறைந்தமையே பெரிய இழப்பு என்று நாம் கருதுகிறோம். முதலைப் பெற்றுப் பொலிசை அளப்பதற்கு அழியாத ஓர் உடம்பு வேண்டும். மனிதர் மாறினும் சபை மாறாது என்ற நம்பிக்கையில்தான் காசு கொடுக்கப்பட்டது. சபை போயிற்று, முதலும் போயிற்று. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷன் கோயில்களை ரெவினியூ போர்டின் கண்காணிப்பில் வைத்தது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையை எடுத்துவிட்டு உள்ளூர்க் கமிட்டிகளிடம் விட்டது. 1920-களில் அறநிலைய வாரியம் தோன்றியது. 1951-ஆம், 1959-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்றைய துறையை அமைத்தன. இவற்றின் நன்மை தீமைகளை ஆராய இம்மலரில் இடமில்லை.

அதனினும் நுண்ணிய மாறுதல் ஒன்று நம் கண்ணுக்குத் தப்பியது. நிலமும் நெல்லும் நெய்யுமாக இருந்த முதல், காலப்போக்கில் ரூபாயாக மாறிற்று. அரசு எடுத்துக்கொண்ட நிலத்திற்கும் வருவாய்க்கும் ஈடாகத் 'தஸ்திக்' என்னும் படித்தொகை கோயில்களுக்கு வழங்கப்பட்டது. தொகை நின்றது, விலை நிற்கவில்லை. ஒரு காலத்தில் ஆண்டு முழுவதும் பூசை நடத்தப் போதுமாயிருந்த தொகை இன்று ஒருநாள் பூமாலைக்கும் காணாது. கட்டளைகளின் கதையும் இதுவே. முப்பாட்டனார் ஆயிரம் ரூபாயை வைப்பாக வைத்து ஆண்டுதோறும் அபிடேகத்திற்கு எழுதி வைத்தார். முதல் கெடவில்லை, ஆயிரம் ரூபாய் ஆயிரமாகவே ஏட்டில் இருக்கிறது. அதன் வட்டியில் அபிடேகத்திற்குப் பால் வாங்கவும் முடிவதில்லை. சாவா மூவாப் பேராடு ஒருபுறம். சாகாமல் மூத்துத் தளர்ந்த ரூபாய் மறுபுறம்.

தமிழகத்தில் அறநிலையத் துறைக்குட்பட்ட கோயில்களுக்கு ஏறத்தாழ 4 இலட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் உண்டு என்பர். இருந்தும் வருவாயற்ற கோயில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒருகால பூசையேனும் நடக்க வேண்டும் என்று அரசு ஒரு திட்டம் வகுத்தது. கோயில் ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாயாக இருந்த வைப்புநிதி 2022-இல் இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது. 12,000-க்கு மேற்பட்ட கோயில்கள் பயன் பெற்றன. நன்முயற்சி, பாராட்டுகிறோம். ஆயினும் இராசராசன் செய்த கணக்கை நாமும் செய்து பார்ப்போம். நூற்றுக்கு 6 வட்டி என்று கொண்டால் ஆண்டிற்கு 12,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு 33 ரூபாய். அமுதுபடி அரிசி, விளக்கெண்ணெய், பூ, கற்பூரம் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். இன்னும் பத்தாண்டு கழிந்தால் இதே 33 ரூபாய் எதற்குப் போதும்? அதனால்தான் வட்டியில் ஒரு பகுதியைச் செலவிடாமல் முதலோடு சேர்த்து வருதல் இன்றியமையாததாகிறது. பேராட்டு மந்தையிலே கிழடுக்கு ஈடாகக் குட்டியை விட்டு வைத்தது போன்றதே இதுவும். எல்லாப் பாலையும் கறந்து, எல்லாக் குட்டிகளையும் விற்றுவிட்ட இடையன் மூன்றாம் ஆண்டில் உழக்கு நெய்க்கு எங்கே போவான்?

நிலமுள்ள கோயில்களில் நிலத்தைப் பேணுதல் முதற்கடன். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்கவோ, ஐந்தாண்டிற்கு மேல் குத்தகைக்கு விடவோ இயலாது. விற்பனையை இச்சட்டம் தடுக்கிறது. பழைய குத்தகை பழைய தொகையிலேயே கிடந்து மடிவதை அறங்காவலரும் ஊராரும் விழிப்பாயிருந்தால்தான் தடுக்கலாம். உழுபவர் வாழவும் கோயில் வாழவும் தக்க குத்தகையை விளைவில் பங்காக வகுப்பது பழைய நெறிக்கு ஒத்தது.

இவ்விழாவில் கட்டளை ஏற்க முன்வரும் அன்பர்கள் பலர் எம்மிடம் எவ்வளவு தருவது என்று வினவுகின்றனர். பணி யாது என்பதை முதலில் முடிவு செய்க. அதன் ஆண்டுச் செலவை அறிக. அச்செலவைத் தந்து, விலையேற்றத்திற்கும் ஒரு பங்கு மீதம் விடும் முதல் எவ்வளவு என்று கணக்கரைக் கொண்டு காண்க. தனியொருவரால் இயலாதாயின் நால்வர் கூடுக. திருச்செந்தூர் அறத்தைப் பல ஊர்கள் சேர்ந்தன்றோ நடத்தின? கட்டளையின் வரவு செலவை ஆண்டுதோறும் எழுதிக் கோயில் வாயிலில் தொங்கவிடுமாறும் கேட்க. கேட்பதனால் அறங்காவலர் வருந்தார். வருந்துவாராயின் அதுவே கேட்டதன் பயன்.

இன்னும் ஒன்று. குடமுழுக்கிற்காகத் திருப்பணி செய்யும்போது சுவர்களைத் தூய்மையாக்குகிறோம் என்று மணல்வீச்சுக் கருவியால் தேய்த்தும், சுண்ணாம்பும் வண்ணமும் பூசியும் எழுத்துகளை அழித்த இடங்கள் பல. தரை உயர்த்துகையில் அடிப்பட்டைச் சாசனங்கள் கருங்கல்லின்கீழ் மறைந்தன. அவை கோயிலின் பத்திரங்கள்; எந்த நிலம் எவர் தந்தது, எந்த ஊர் எதனை அளக்கக் கடமைப்பட்டது என்பதற்கு நமக்குள்ள ஒரே சான்று. திருப்பணியைத் தொடங்கும் முன்னரே கல்வெட்டறிஞரை வரவழைத்து மைப்படி எடுப்பித்து, ஒரு படியைக் கோயிலிலும் ஒரு படியைத் தொல்லியல் துறையிலும் வைக்க வேண்டும். அதற்காகும் செலவு ஒருநாள் வாணவேடிக்கைச் செலவிலும் குறைவு.